சத்தமற்றது எனச் சான்றளிக்கப்படுகிறது

சாந்தா பிரிஹிடா என்ற தீவு ஊரில் சிசோவின் வண்டியைப் பார்த்து முதலில் சிலுவை போட்டுக்கொண்டவள் வறுகடலை விற்கிறவள். அவளைக் குறை சொல்ல முடியாது. கறுப்பு நிறம், கறுப்புக் கண்ணாடி, நீண்ட பின்புறம், ஏழு பேர் உட்காரும் பெரிய எஸ்.யூ.வி. பூனை மாதிரி வரும். என்ஜின் ஓடுகிறதா நின்றுவிட்டதா என்று ஓட்டுகிறவனுக்கே சந்தேகம் வரும். இந்த ஊரில் அவ்வளவு பெரிய வண்டி அவ்வளவு அமைதியாகப் போனால் அதற்குள் ஒரே ஒரு ஆள்தான் இருக்க முடியும். அவரும் படுத்திருப்பார்.

வண்டி சிசோ வாங்கியதல்ல. அவன் துறைமுகத்தில் இருபத்தாறு வருஷமாகச் சிமெண்டு மூட்டை சுமக்கிறவன். சவுதியில் நர்ஸ் வேலை பார்க்கும் தங்கை விடுமுறைக்கு வரும்போது சுற்றுவதற்காகப் பழைய வண்டியாக வாங்கி, பேட்டரி செத்துவிடாமல் ஓட்டிக்கொண்டிரு என்று அவனிடம் விட்டுப் போயிருந்தாள். சிசோ ஓட்டினான். ஊர் தொப்பியைக் கழற்றியது. ஒரு நாள் அவன் அரிசி வாங்கப் போனபோது ஏழு மோட்டார் சைக்கிள்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு பின்னால் வரிசை கட்டி வந்தன. அரிசிக் கடை வாசலில் அவர்களும் இறங்கி, போய்ச் சேர்ந்தது யார் என்று தாழ்ந்த குரலில் விசாரித்தார்கள்.

சாவு வீட்டுக்குப் போன யாரும் இந்தப் பக்கத்தில் நேரே வீட்டுக்குத் திரும்ப மாட்டார்கள். வழியில் எங்காவது இறங்கி, ஒட்டிக்கொண்டு வந்ததை அங்கே உதறிவிட்டுத்தான் வீட்டுப்படி மிதிப்பார்கள். சிசோவின் வண்டியில் ஓசியில் ஏறியவர்களும் அப்படியே செய்தார்கள். வாசலிலேயே இறக்கிவிடுகிறேன் என்று அவன் எவ்வளவு சொன்னாலும், வேண்டாம், பேக்கரி பக்கத்திலேயே நிறுத்திவிடுங்கள் என்பார்கள். பேக்கரிக்காரர் மட்டும் கிறிஸ்துமஸுக்கு அவனுக்கு ஒரு முழுக் கேக் அனுப்பினார்.

இதெல்லாம் சிசோ பொறுத்துக்கொண்டான். ஆனால் மகள் அனலினுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, சனிக்கிழமை பத்து மணிக்கு மாதா கோயிலில் பூசை என்று முடிவான பிறகு, மாப்பிள்ளையின் தாய் மனாங் பாசிங் விருந்துக்குச் சுட்ட பன்றி எத்தனை என்று பேச வந்தாள். மனாங் என்றால் அக்கா, நோங் என்றால் அண்ணன்; இந்த ஊரில் மரியாதைக்கு அப்படித்தான் கூப்பிடுவார்கள். பேசி முடித்து வாசலில் நின்றபோது அவளைக் கொண்டுவிடச் சிசோ எடுத்த வண்டி சத்தமில்லாமல் வளைந்து வந்து அவள் முன்னால் நின்றது. அவள் கை தானாக நெற்றிக்குப் போய், மார்புக்கு வந்து, இரண்டு தோளையும் தொட்டுவிட்டது. அப்புறம்தான் கோபம் வந்தது.

"பொண்ணு தங்கமான பொண்ணு, நோங் சிசோ. அதுல நான் ஒண்ணும் சொல்லல. ஆனா இந்த வண்டியில வந்து எறங்கினா கல்யாணம் கிடையாது. எம் மாமனார் கடைசியா போனதும் இதே மாதிரி ஒண்ணுலதான். அவர் திரும்பி வரல."

வேறு வண்டியில் அழைத்து வரலாம் என்றால் அதற்கும் வழியில்லை. கல்யாணச் செலவில் பாதி தங்கையுடையது. அண்ணன் மகள் என் வண்டியில்தான் கோயிலுக்குப் போக வேண்டும், நான் ஃபோனில் பார்த்துக்கொண்டே இருப்பேன் என்று அவள் சவுதியிலிருந்து சொல்லிவிட்டாள். கடைசியில் மனாங் பாசிங்கே ஒரு தீர்ப்புச் சொன்னாள். பிணவண்டி சத்தம் போடாது. ஆகவே சத்தம் போடும் வண்டி பிணவண்டி ஆகாது. நல்லா உறுமுகிற மாதிரி பண்ணிக்கொண்டு வாருங்கள், நான் படியிறங்கி வந்து மருமகளின் கையைப் பிடிக்கிறேன் என்றாள்.

திங்கட்கிழமை வேலை முடிந்து சிசோ சைலன்சர் கடை பெர்டிங்கிடம் போனான். எவ்வளவு சத்தம் வேண்டும் என்று பெர்டிங் கேட்டான். உள்ளே பிணம் இல்லை என்று தெரிகிற அளவுக்கு என்றான் சிசோ. அதை அவன் மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது. இருபத்தாறு வருஷம் சிமெண்டுத் தூள் விழுங்கிய தொண்டை. அவன் பேசினால் பக்கத்து நாற்காலிக்குக் கேட்கும், பக்கத்து மேசைக்குக் கேட்காது.

"மூணு தரம் இருக்கு," என்றான் பெர்டிங். "மொதலாவது போட்டா தூங்குற கொழந்த முழிக்கும். ரெண்டாவதுக்கு தூங்குற போலீஸ்காரன் முழிப்பான். மூணாவது போட்டா உனக்கு அந்தப் பயமே வேணாம்யா. உள்ள நெசமாவே பொணம் இருந்தாலும் எழுந்து உக்காந்துக்கும்."

சிசோ மூன்றாவதைக் கேட்டான். பெர்டிங் பழைய சைலன்சரைக் கழற்றிப் போட்டுவிட்டு, வளைவு நெளிவு இல்லாத தடித்த குழாய் ஒன்றை மாட்டினான். அதன் வாயில் ஒரு தேங்காய் போகும். சாவியைத் திருப்பியதும் கடையின் தகரக் கூரை நடுங்கியது. சுவரில் மாட்டியிருந்த ஸ்பானர்கள் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன. பின்வீட்டுக் கோழி இடக்கூடாத நேரத்தில் முட்டை இட்டது. சிசோ சிரித்தான். அவன் சிரிப்பது அவனுக்கே கேட்கவில்லை.

அன்று மாலை அவன் ஊரை இரண்டு சுற்றுச் சுற்றினான். ஒருவரும் தொப்பியைக் கழற்றவில்லை. நாய்கள் ஓடின. டிரைசிக்கிள்காரர்கள் முஷ்டியை ஆட்டினார்கள். கடலைக்காரி ஒரு பிடிக் கடலையை அள்ளி வண்டிமேல் எறிந்து, அவன் பிறப்பைப் பற்றியும் வளர்ப்பைப் பற்றியும் விரிவாகப் பேசினாள். சிசோவுக்குக் கண் கலங்கியது. உயிரோடு இருக்கிறவனைத்தான் அப்படித் திட்ட முடியும்.

செவ்வாய்க்கிழமை காலை பிடித்துவிட்டார்கள்.

பிடித்தது ஊரில் புதிதாகத் திறந்திருந்த ஒலி ஒழுங்கு அலுவலகம். குழாயைக் கழற்றி, அதன் கழுத்தில் நாற்பத்தொன்று என்று ஓர் அட்டையைக் கட்டி, ரசீது கொடுத்துவிட்டு எடுத்துப் போனார்கள். பெர்டிங் பழைய சைலன்சரையே திரும்ப மாட்டினான். வண்டி மறுபடியும் பிணவண்டியாயிற்று. திரும்பி வரும் வழியில் கடலைக்காரி இரங்கல் தெரிவித்தாள்.

சிசோ அலுவலகத்துக்குப் போனான். வாசலில் அதிகாரி இஞ்சினியர் தபாடாவின் முகம் ஒரு சுவரளவு பெரிய துணியில் சிரித்துக்கொண்டிருந்தது. அதற்கடியில், குண்டூசி விழும் ஓசை கேட்கும் ஊரை உருவாக்குவோம் என்று எழுதியிருந்தது. அதற்கடியில் அலுவலகத்துக்கு மின்சாரம் தரும் ஜெனரேட்டர் இடிஇடி என்று இடித்துக்கொண்டிருந்தது. உள்ளே ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவள் மேம் கிளாரிபெல். சிசோ தன் கதையைச் சொன்னான். கேட்கவில்லை என்றாள். மறுபடியும் சொன்னான்.

"நோங், இது ஒலி ஒழுங்கு அலுவலகம். இங்க வந்து முணுமுணுத்தா எப்படி? வயித்துலேர்ந்து பேசுங்க."

சிசோ இருந்த மூச்சையெல்லாம் திரட்டி, சத்தம் அதிகம் என்று பிடித்துவிட்டார்கள் என்று கத்தினான். உடனே காவலாளி எழுந்து வந்து, அமைதி காக்கவும் என்ற பலகையை விரலால் தட்டிக் காட்டிவிட்டுப் போனார்.

குழாய் திரும்பி வர வேண்டுமானால் அது அளவுக்குமேல் சத்தம் போடாது என்று நிரூபிக்க வேண்டும். அதற்குக் கிராமத் தலைவரின் சான்று, வக்கீல் முன்னால் எடுத்த உறுதிமொழி, பக்கத்து வீட்டார் மூன்று பேரின் கையெழுத்து, இரண்டு அங்குல அளவில் புகைப்படம் நான்கு. புகைப்படம் அவனுடையதல்ல, குழாயினுடையது. வெள்ளைப் பின்னணி, நேர்முகம், இரண்டு காதும் தெரிய வேண்டும், காலர் வைத்த சட்டை கட்டாயம். ஸ்டுடியோக்காரர் இதற்கெல்லாம் பழகிவிட்டவர். அலுவலகத்துக்கே வந்து குழாய்க்குப் பின்னால் வெள்ளைத் துணி கட்டிப் படம் எடுத்து, கணினியில் ஒரு சட்டையும் போட்டுக் கொடுத்தார். சட்டை போட்டதும் அது சிசோவின் மூத்த மச்சானைப் போலவே இருந்தது. அதிகமாகப் போட்ட ஒரு பிரதியை மனைவி அவன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்ளச் சொன்னாள்.

பரிசோதனை வியாழக்கிழமை. அலுவலகத்தில் சத்தத்தை அளக்கும் கருவி இல்லை. கருவி வருவதற்கான விண்ணப்பத்தில் யாரோ காலர் இல்லாத சட்டையில் படம் ஒட்டிவிட்டார்களாம். அதுவரைக்கும் சான்று பெற்ற செவிகள் என்று மூன்று அதிகாரிகளை நியமித்திருந்தார்கள். சட்டையில் காது படம் போட்ட வில்லை குத்தியிருந்தார்கள். மூவரில் மூத்தவர் ஊர் பேண்டு வாத்தியத்தில் நாற்பது வருஷம் பெரிய டிரம் அடித்தவர். அனுபவம் கருதி அவருக்கு இரண்டு காதுக்கும் தனித்தனிப் படி.

பரிசோதனைக்கு அமைதி வேண்டும் என்பதால் மூன்று வேன்கள் காலை ஐந்து மணியிலிருந்தே ஒலிபெருக்கி வைத்து அமைதி, அமைதி என்று ஊரைச் சுற்றின. எதிர்க்கடையின் கரோக்கேயை நிறுத்தினார்கள். சேவல் சண்டைக் கொட்டகையில் எழுபது சேவல்களைக் கூடை போட்டு மூடினார்கள்.

சிசோ வண்டியோடு வந்து நின்றான். வண்டி தேவையில்லை என்றார்கள். பிடிபட்ட பொருளை வண்டியோடு மறுபடி சேர்க்க விதியில் இடமில்லை. ஆகவே குழாயைத் தனியாக ஒரு மேசைமேல் வெள்ளைத் துணி விரித்து வைத்தார்கள். மூன்று செவிகளும் அதைச் சுற்றி உட்கார்ந்து, கண்ணை மூடி, அரை மணி நேரம் கேட்டார்கள். ஓர் ஈ வந்து குழாயின் வாய்க்குள் போனது. அதை விரட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். முடிவில், முப்பது நிமிடம் கவனித்ததில் ஒலி எதுவும் வெளிப்படவில்லை என்று எழுதி மூவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

அப்படியானால் எடுத்துப் போகலாமா என்று சிசோ கேட்டான். அவனை இஞ்சினியர் தபாடாவின் அறைக்கு அனுப்பினார்கள். தபாடா அறிக்கையைப் படித்துவிட்டு வருத்தத்தோடு தலையை ஆட்டினார்.

"நான் பதினெட்டு வருஷமா பொதுச்சேவைல இருக்கேன், நோங். சத்தம் போடுற குழாயக்கூட நம்பலாம். அது மனசுல ஒண்ணும் வச்சுக்காது. ஆனா மூணு அதிகாரிங்க அரை மணி நேரம் உக்காந்து கேட்டும் வாயத் தொறக்காத குழாய் இருக்கு பாருங்க, அது பெரிய கையி. என்னமோ மறைக்குது. அத விட முடியாது."

விட முடியாததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதையும் அவர் மறைக்கவில்லை. சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கோயில் முன்னால் இருக்கும் மைதானத்தில், மாகாண கவர்னர் முன்னிலையில், நூறு சைலன்சர்களை ரோடு ரோலர் ஏற்றி நசுக்குவதாக அழைப்பிதழ் அச்சாகிவிட்டது. இதுவரை பிடித்தது நாற்பத்தொன்றுதான். சின்ன ஊர். அதற்குமேல் வண்டியே இல்லை.

சிசோ அங்கிருந்து நேரே பெர்டிங்கிடம் ஓடினான். அதே போல இன்னொரு குழாய் சனிக்கிழமைக்குள் வேண்டும் என்றான். பெர்டிங்கின் கடை முழுக்கப் புதுக் குழாய்கள் பளபளத்தன. அவன் கண் தூக்கமில்லாமல் சிவந்திருந்தது.

"ஒண்ணுகூடத் தர முடியாதுய்யா. எல்லாம் ஆபீஸ் ஆர்டர். அம்பத்தொம்பது குழாய், நாளைக்குச் சாயந்தரம் குடுக்கணும். மூணாம் தரமே வேணும்னு எழுத்துல கேட்டிருக்காங்க. மட்டமான குழாய நசுக்கினா கவர்னர் முன்னாடி ஊருக்குக் கேவலமாம்."

ஒவ்வொரு குழாய்க்கும் இரண்டு வருஷ உத்தரவாத அட்டையும் கேட்டிருந்தார்கள்.

சனிக்கிழமை காலை சிசோ வண்டியில் வெள்ளை ரிப்பன் கட்டினான். ரிப்பன் கட்டியபின் அது வசதியான வீட்டுப் பிணவண்டி மாதிரி இருந்தது. அனலின் வெள்ளை உடையில் பின்சீட்டில் ஏறினாள். முன்சீட்டில் சாய்த்து வைத்த ஃபோனுக்குள்ளிருந்து தங்கை, அழகா இருக்கே, அழகா இருக்கே என்று அழுதாள்.

"அப்பா," என்றாள் அனலின். "மனாங் பாசிங் படியிறங்கலன்னா நானும் வண்டியவிட்டு எறங்க மாட்டேன். ரெண்டு பேர்ல யாரு பிடிவாதக்காரின்னு ஊரு பாக்கட்டும்."

எட்டரைக்கு முடிய வேண்டிய விழா ஒன்பதே முக்காலுக்கும் முடியவில்லை. மைதானத்தின் நடுவில் சைலன்சர்களைப் பாய்போல வரிசையாகப் பரப்பியிருந்தார்கள். மேடையின் இருபுறமும் எட்டெட்டு ஒலிபெருக்கிகள். பேண்டு, பட்டாசு, கவர்னரோடு வந்த வண்டிகளின் சைரன் எல்லாம் முடிந்து, இஞ்சினியர் தபாடா பேசிக்கொண்டிருந்தார்.

"அமைதிதான் நம்ம நிர்வாகத்தோட மூச்சு. இந்த நேரத்துல என் குரல் பக்கத்து மூணு கிராமத்துக்கும் கேக்குது. அந்த மூணு கிராமத்துலயும் இப்ப ஒருத்தராலயும் பேச முடியாது, ஒருத்தராலயும் தூங்க முடியாது. இதத்தான் நான் விழிப்புணர்வுன்னு சொல்றேன்."

கைதட்டினார்கள். அப்போது கோயிலுக்குப் போக வேறு வழியில்லாமல் சிசோவின் வண்டி மைதானத்துக்குள் நுழைந்தது. கறுப்பாக, நீளமாக, சத்தமே இல்லாமல். கூட்டம் இரண்டாகப் பிளந்து வழிவிட்டது. தொப்பிகள் இறங்கின. பேண்டுக்காரர்கள் வாத்தியத்தைத் தாழ்த்தினார்கள். கவர்னர் எழுந்து நின்று சிலுவை போட்டுக்கொண்டார். தபாடா பேச்சை நிறுத்தி, மறைந்த ஆன்மாவுக்காக ஒரு நிமிட மௌனம் அனுசரிக்கும்படி கேட்டுக்கொண்டார். அலுவலகம் திறந்த நாளிலிருந்து ஊரில் உண்டான முதல் அமைதி அதுதான். மறைந்த ஆன்மா பின் கண்ணாடியை இறக்கி, வழி விடுங்கள், எனக்குப் பத்து மணிக்குக் கல்யாணம் என்றது.

கோயில் படியில் நின்றிருந்த மனாங் பாசிங் கையைக் கட்டிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

விழாவைச் சீக்கிரம் முடித்துவிடலாம் என்று கவர்னர் சைகை காட்ட, தபாடா கொடியை அசைத்தார். ரோடு ரோலர் நகரவில்லை. அதன்மேல் உட்கார்ந்திருந்தவர் ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார்.

"சார், இதோட சைலன்சர நேத்து ராத்திரி உங்க ஆளுங்க பறிமுதல் பண்ணிட்டாங்க. இதோ ரசீது. சைலன்சர் இல்லாம எடுத்தா உங்க சட்டப்படி ரெண்டாவது குத்தம். எனக்குப் புள்ளகுட்டி இருக்கு."

விசாரித்ததில் உண்மைதான். பெர்டிங்குக்குக் கடைசி நேரத்தில் வெல்டிங் கம்பி தீர்ந்து ஒரு குழாய் குறைந்துவிட்டது. நூறாவதுக்கு ஆள் தேடியவர்கள் மைதானத்தில் நின்ற ரோலரையே பிடித்துவிட்டார்கள். அந்தக் குழாயை எடுத்து மாட்டுங்கள் என்றார் தபாடா. முடியாது என்றாள் மேம் கிளாரிபெல். பரிசோதனை முடியாத பொருளை விடுவிக்க முடியாது. பரிசோதனைக்கு மூன்று நாள், சட்டை போட்ட புகைப்படம் நான்கு. கவர்னர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தபாடாவின் கழுத்தில் வியர்வை இறங்கியது.

சிசோ வண்டியிலிருந்து இறங்கி மேடைக்கு முன்னால் போய் என்னவோ சொன்னான். ஒருவருக்கும் கேட்கவில்லை. கவர்னர் கையை உயர்த்தினார். மைதானம் முழுக்க முன்னால் சாய்ந்து காதைக் கொடுத்தது. சிசோவின் வாழ்நாளில் அப்படி நடந்ததில்லை. அவன் அவசரப்படாமல் சொன்னான்.

"ரோலர என் வண்டியில கட்டிவிடுங்க, நான் இழுக்கறேன். ஆனா பழைய சைலன்சரோட இழுக்காது. மூச்சு முட்டும். என் கொழாயக் குடுங்க."

இழுவைக்கும் குழாய்க்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று சொல்லப் பெர்டிங் வாயைத் திறந்தான். சிசோ அவன் காலை மிதித்தான். சிமெண்டு மூட்டை தூக்கிய கால். பெர்டிங் வாயை மூடிக்கொண்டான்.

மேம் கிளாரிபெல் கோப்பைப் புரட்டினாள். நாற்பத்தொன்றாம் எண்ணுக்கு மட்டும்தான் சார் பரிசோதனை முடிந்திருக்கிறது, ஒலி எதுவும் வெளிப்படவில்லை என்று மூன்று பேர் கையெழுத்து இருக்கிறது, சட்டப்படி இந்த ஊரிலேயே சத்தம் போடாத ஒரே குழாய் இதுதான் என்றாள். எண்ணிக்கை தொண்ணூற்றொன்பது ஆகிவிடுமே என்று தபாடா முனகினார். அதற்கும் அவள் வழி செய்தாள். மேடை ஓரத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கிகளில் ஒன்றை அவிழ்த்து வரிசையின் கடைசியில் வைத்தாள். வாய் ஏறக்குறைய அதே அளவுதான்.

சத்தமற்றது எனச் சான்றளிக்கப்படுகிறது என்ற காகிதத்தில் முத்திரை விழுந்தது. அதை வண்டியின் முன்கண்ணாடியில் ரிப்பனுக்கு நடுவே ஒட்டினார்கள். பெர்டிங் நொண்டிக்கொண்டே போய்ப் பத்து நிமிடத்தில் குழாயை மாட்டினான். ரோலரைச் சங்கிலியால் பின்னால் பிணைத்தார்கள். சிசோ சாவியைத் திருப்பினான்.

கோயில் கோபுரத்திலிருந்து புறாக்கள் கூட்டமாகக் கிளம்பி அடுத்த தீவின் பக்கம் போய்விட்டன. தபாடாவின் படம் போட்ட துணி அவிழ்ந்து தபாடாவின் தலைமேலேயே விழுந்தது. மேசையிலிருந்த கண்ணாடிக் கோப்பைகள் தாமாக நடந்து ஓரத்துக்குப் போயின. மூத்த செவி மட்டும் பக்கத்தில் இருந்தவரிடம் குனிந்து, யாரோ இருமுகிற மாதிரி இல்லையா என்று கேட்டார்.

மற்ற ஊர்களில் கல்யாண வண்டிக்குப் பின்னால் காலி டப்பாக்களைக் கட்டி இழுப்பார்கள். அனலின் ஒரு ரோடு ரோலரைக் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனாள். வண்டி உறுமிக்கொண்டு ஊர்ந்தது. பின்னால் சைலன்சர்கள் ஒவ்வொன்றாகப் படார் படாரென்று தட்டையாயின. கடைசியில் ஒலிபெருக்கி ஒரு கீச்சுக் குரல் கொடுத்து அடங்கியது. ஃபோனுக்குள் தங்கை வாயை அசைத்துக்கொண்டிருந்தாள். அனலின் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, இரண்டு கையையும் ஆட்டிக் கத்திக்கொண்டு வந்தாள். மைதானத்தில் கவர்னர் முதல் கடலைக்காரி வரை எல்லாரும் இரண்டு காதையும் இரண்டு கையால் பொத்தியிருந்தார்கள். சிலுவை போட ஒருவருக்கும் கை மிச்சமில்லை.

மனாங் பாசிங் படியிறங்கி வந்தாள். காதைப் பொத்திய கையில் ஒன்றை எடுத்து மருமகளிடம் நீட்டினாள்.

விருந்தெல்லாம் முடிந்து மாலையில் சம்பந்தியை வீட்டில் கொண்டுவிடச் சிசோ கிளம்பினான். மனாங் பாசிங் முன்சீட்டில், பன்றிக் கறிப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, ராணிபோல உட்கார்ந்து வந்தாள். பேக்கரி நெருங்கியபோது அவன் தோளைத் தட்டி நிறுத்தச் சொன்னாள்.

இவ்வளவுக்கும் பிறகும் உதறிவிட்டுத்தான் வீட்டுக்குப் போகப் போகிறாளா. சிசோ ஓரங்கட்டி என்ஜினை அணைத்தான். தெருவில் அமைதி வந்து விழுந்தது.

மனாங் பாசிங் கதவைத் திறந்து, ஒரு காலைக் கீழே வைத்து, அவனைத் திரும்பி முறைத்தாள்.

"காலைல காப்பிக்கு நாலு ரொட்டி வாங்கப் போறேன். அதுக்குள்ள எதுக்கு அணைச்சீங்க, நோங்? போட்டு வைங்க. நான் வந்திருக்கேன்னு நாலு பேருக்குத் தெரிய வேணாமா?"